மருத்துவப் படங்களைப் படத்தைக் கொண்டே தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., பயாப்சி ஸ்லைடு, தோல் புகைப்படம் என மருத்துவமனைகளில் நாள்தோறும் படங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு புதுப் படத்தைக் காட்டி, இதை ஒத்த பழைய படங்களை எடு என்று கணினியிடம் கேட்கும் முறை பற்றி மருத்துவ மாணவர்களும், மருத்துவமனைக் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவர்களும், நோயாளிகளின் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

படத்தைக் கொடுத்துத் தேடுவது என்றால் என்ன?

ஒருவரின் நெஞ்சு சி.டி. திரையில் இருக்கிறது. நுரையீரலின் அடிப்பகுதியில், ஓரங்களை ஒட்டி, வலைப்பின்னலாகக் கோடுகள் தெரிகின்றன. பார்க்கும் மருத்துவருக்கு இதே போன்ற ஒன்றை முன்பு பார்த்த ஞாபகம். ஆனால் எந்த நோயாளி, எந்த வருடம், கடைசியில் என்ன நோய் என்று உறுதியானது என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். அந்தப் பகுதியை மவுஸால் வட்டமிட்டுத் தேடச் சொன்னால், சேமிப்பில் இருக்கும் ஒத்த படங்களைக் கணினி வரிசையாக எடுத்து வைக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த நோயாளிக்கு இறுதியில் உறுதியான நோய், பயாப்சி முடிவு, கொடுத்த சிகிச்சை ஆகியவை இருக்கும்.

கணினி இங்கே நோயின் பெயரைச் சொல்வதில்லை. பழைய நோயாளிகளைக் கண்முன் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். முடிவு எடுப்பது மருத்துவர்.

எழுத்தில் தேடினால் போதாதா? ரிப்போர்ட் எல்லாம் கணினியில்தானே இருக்கிறது?

நோயின் பெயர் தெரிந்தால் எழுத்தில் தேடலாம். பெயர் தெரியாததுதான் இங்கே சிக்கலே. என்னவென்று தெரியாத ஒன்றை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது?

பெயர் தெரிந்தாலும் தொல்லை தீராது. ஒரே மாற்றத்தை ஒரு கதிரியல் மருத்துவர் ஒரு சொல்லால் எழுதுவார், இன்னொருவர் வேறு சொல்லால் எழுதுவார். "முந்தைய ஸ்கேனிலிருந்து மாற்றம் இல்லை" என்ற ஒற்றை வரியோடு முடியும் ரிப்போர்ட்டுகளும் நிறைய. அதில் தேட என்ன இருக்கிறது?

படத்தோடு ஒட்டிவரும் குறிப்புகளையும் முழுதாக நம்ப முடியாது. மருத்துவப் படங்கள் டைகாம் என்ற பொது வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. படத்தோடு சேர்த்து உடலின் எந்தப் பகுதி, எந்த இயந்திரம், எந்தத் தேதி போன்ற விவரங்களும் அதில் இருக்கும். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்த விவரங்களைச் சரிபார்த்து 2002இல் ஒரு ஆய்வு வந்தது. உடல் பகுதியைக் குறிக்கும் இடத்தில் மட்டும் 15.3 சதவீதம் தவறு. காரணம் சாதாரணமானது: டெக்னீஷியன் அவசரத்தில் இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறார், கையை எடுத்தாலும் காலை எடுத்தாலும் அந்த அமைப்பின் பெயரே படத்தில் பதிவாகிவிடுகிறது.

"ஒத்திருக்கிறது" என்று கணினி எப்படி முடிவு செய்கிறது?

ஒவ்வொரு படத்தையும் கணினி ஓர் எண் வரிசையாகச் சுருக்கிவைக்கிறது. சில நூறு எண்கள் இருக்கலாம், ஓரிரு ஆயிரமும் இருக்கலாம். சேமிப்பில் உள்ள எல்லாப் படங்களுக்கும் இந்த வரிசையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். புதுப் படம் வந்ததும் அதன் வரிசையைக் கணக்கிட்டு, பழைய வரிசைகளில் எவை அதற்கு மிக நெருக்கம் என்று பார்க்கிறது. லட்சக்கணக்கான படங்களுக்குள் இப்படித் தேடுவது இன்று நொடிப்பொழுது வேலை.

அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதில்தான் காலம் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் மனிதர்களே தீர்மானித்தார்கள்: சாம்பல் நிறத்தின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது, பரப்பு சொரசொரப்பா வழவழப்பா, விளிம்பின் வடிவம் என்ன என்று சூத்திரம் எழுதி அளந்தார்கள். இப்போது நியூரல் நெட்வொர்க், அதாவது ஏராளமான உதாரணங்களைப் பார்த்துப் பயிலும் கணினி நிரல், தானாகவே கற்றுக்கொள்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஸ்மைலி என்ற பயாப்சி தேடல் கருவியின் நெட்வொர்க், நாய், மரம், வீட்டுப் பொருட்கள் போன்ற சாதாரணப் புகைப்படங்களில் பயின்றது. எந்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று பிரித்தறியும் அந்தப் பழக்கமே திசுக்களைத் தேடவும் கைகொடுத்தது. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் மருத்துவப் படங்களிலேயே நேராகப் பயின்றவை.

சரி, படம் ஒத்திருந்தால் நோயும் ஒன்றுதானா?

இல்லை. இந்தத் துறையின் எல்லாச் சிரமமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

துணிக்கடையில் ஒரு புடவையைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்றால், நிறமா, பார்டரா, நெசவா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கணினி அப்படிக் கேட்காது. தனக்குத் தெரிந்த ஏதோ ஓர் ஒற்றுமையை வைத்து எடுத்துத் தந்துவிடும். அந்த ஒற்றுமை மருத்துவருக்குத் தேவையானதாக இருக்கலாம். இயந்திரம், கோணம், நோயாளியின் பருமன் போன்ற சம்பந்தமில்லாத ஒன்றாகவும் இருக்கலாம்.

இது நோயாளியை எங்கே தொடுகிறது என்பதற்கு நுரையீரல் நார்த்தடிப்பையே, அதாவது நுரையீரல் திசு தடித்து நாராக இறுகிப்போவதையே, எடுத்துக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் வரும் நார்த்தடிப்பு நோய் ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.எஃப். என்பார்கள். புறாக்களின் எச்சம், ஏர் கூலர் போன்ற ஈரமான இடங்களில் வளரும் பூஞ்சை போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசித்ததால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி இன்னொன்று. அது முற்றி நாராகிவிட்ட நிலையில் இரண்டின் சி.டி.யும் அனுபவசாலிகளையே தடுமாற வைக்கும் அளவுக்கு ஒத்திருக்கும். ஆனால் சிகிச்சை வேறு. ஒவ்வாமை வகையில் முதல் வேலை, காரணமான பொருளிலிருந்து நோயாளியை விலக்குவது. ஸ்டீராய்டு பலருக்குப் பயன்படும். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கோ, ஸ்டீராய்டையும், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தியோபிரின் என்ற மருந்தையும் உள்ளடக்கிய கூட்டுச் சிகிச்சை மரணத்தை அதிகரித்தது என்று 2012இல் வெளியான பாந்தர் ஆய்வு காட்டியது. அவர்களுக்கு இன்று தருவது பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் போன்ற வேறு மருந்துகள்.

ஆகவே நல்ல தேடல் கருவி, ஒத்த படங்களைக் காட்டும்போது அவற்றில் ஏழு ஐ.பி.எஃப்., மூன்று ஒவ்வாமை வகை என்றால் இரண்டையுமே காட்ட வேண்டும். "வீட்டில் புறா இருக்கிறதா, கூலர் இருக்கிறதா?" என்று கேட்க மருத்துவரைத் தூண்டுவது அந்த மூன்று படங்கள்தான். பெரும்பான்மையை மட்டும் எண்ணி விடை சொல்லும் கருவி அந்தக் கேள்வியை அழித்துவிடும்.

இது எப்போது தொடங்கியது?

பொதுவான படத் தேடலில் 1990களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கியூபிக் என்ற தேடல் மென்பொருள் பரவலாக அறியப்பட்டது. மருத்துவத்தில் முன்னோடி என்று நான் சொல்வது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான அசெர்ட் என்ற தேடல் கருவி. நுரையீரல் சி.டி.யில் நோயுள்ள பகுதியை மருத்துவர் தானே கோடிட்டுக் காட்டுவார். கணினி அந்தப் பகுதியை மட்டும் ஒப்பிடும். முழுப் படத்தையும் ஒப்பிட்டால் ஆரோக்கியமான பகுதிகள் நோயை மூடி மறைத்துவிடும் என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆஹனில் இர்மா என்ற திட்டம் எக்ஸ்ரேக்களை நான்கு கோணங்களில் வகைப்படுத்தியது: எடுத்த முறை, எடுத்த திசை, உடல் பகுதி, உறுப்பு மண்டலம். ஜெனீவாவில் மெட்கிஃப்ட் என்ற படத் தேடல் திட்டம் வந்தது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையின் கதிரியல் துறை 2002இலேயே நாளொன்றுக்கு 12,000க்கும் மேல் படங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. தேடலுக்கான அவசரம் அங்கிருந்துதான் வந்தது. பல குழுக்கள் ஒரே படத் தொகுப்பில் தங்கள் முறைகளைச் சோதித்துப் பார்க்க 2004இலிருந்து இமேஜ்கிளெஃப் போட்டியில் மருத்துவப் பிரிவும் சேர்ந்தது.

பயாப்சி ஸ்லைடுகளிலும் தேட முடியுமா?

முடியும். ஆனால் அளவே ஒரு பெரிய தடை. கண்ணாடி ஸ்லைடை ஸ்கேன் செய்தால் வரும் ஒற்றைப் படம் ஒரு பக்கத்துக்கு ஒரு லட்சம் பிக்சல் வரைகூடப் போகும். நெஞ்சு எக்ஸ்ரேயைப் போல அப்படியே எண் வரிசையாக்க முடியாது. அதனால் அதைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஹமித் திசூஷின் குழு உருவாக்கிய யோட்டிக்சல், எல்லாத் துண்டுகளையும் வைத்துக்கொள்வதில்லை. நிறத்தாலும் இடத்தாலும் துண்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலவற்றை மட்டும் பிரதிநிதியாக எடுக்கிறது. அவற்றின் எண்களை ஒன்று, பூஜ்யம் என்று மட்டும் இருக்கும் பட்டைக்குறிகளாக மாற்றிவிடுகிறது. சேமிப்பிடம் சுருங்குகிறது, ஒப்பிடுவதும் வேகமாகிறது. அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டமான டி.சி.ஜி.ஏ.வின் ஏறத்தாழ 30,000 ஸ்லைடுகளில் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஹார்வர்டு குழு ஒன்று 2022இல் சிஷ் என்ற முறையைக் கொண்டுவந்தது. சேமிப்பு எவ்வளவு பெருத்தாலும் தேடும் நேரம் கூடாமல் இருப்பது அதன் நோக்கம்.

ஸ்மைலியின் அடுத்த கட்டத்தில் கூகுள் குழு செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வந்த முடிவு பிடிக்காவிட்டால், திசுக்களை ஆராய்ந்து நோயைச் சொல்லும் நோய்க்கூறியல் மருத்துவர் திருத்திக் கேட்கலாம்: இந்த மூலையை மட்டும் பார், இந்தப் படத்தைப் போன்றவை இன்னும் வேண்டும், சுரப்பிகள் இன்னும் நெருக்கமாக இருப்பவற்றைக் காட்டு என்று. நிறமா பார்டரா நெசவா என்று சொல்லும் வாய்ப்பு கேட்பவரின் கைக்கு வந்துவிடுகிறது.

இவை அன்றாட மருத்துவத்துக்குத் தயாரா என்றால், இன்னும் இல்லை. முன்னணி முறைகள் சிலவற்றைச் சுதந்திரமாக ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது.

நேராக நோயின் பெயரையே சொல்லும் ஏ.ஐ. வந்துவிட்டதே, இது எதற்கு?

பெயர் சொல்லும் மென்பொருள் தனக்குக் கற்றுக்கொடுத்த பட்டியலுக்குள்தான் பதில் சொல்லும். 14 நோய்களைக் கற்றிருந்தால் பதினைந்தாவதை அது அறியாது. அந்தப் பதினான்கில் எதையாவது ஒன்றைச் சொல்லும், அல்லது ஒன்றுமில்லை என்று சொல்லும். தேடலுக்கு இந்தக் கட்டு இல்லை. ஓர் அரிய நோயின் இரண்டே படங்கள் சேமிப்பில் இருந்தால்கூட, மூன்றாவது நோயாளி வரும்போது அவை மேலே வர வாய்ப்புண்டு. புது நோயைச் சேர்க்க மென்பொருளை மறுபடி பயிற்றுவிக்கவும் வேண்டாம். படத்தைச் சேமிப்பில் போட்டால் போதும்.

இரண்டாவது, சரிபார்க்க முடிவது. "87 சதவீதம் நிமோனியா" என்று திரையில் வந்தால் மருத்துவர் அதை நம்பலாம் அல்லது ஒதுக்கலாம், எதனோடு வாதாடுவது? பத்துப் படங்கள் வந்தால் ஒவ்வொன்றையும் பார்த்து, இது பொருந்துகிறது, இது பொருந்தவில்லை, இதில் நீர் கோத்திருக்கிறது, நம் நோயாளிக்கு அது இல்லை என்று தன் பயிற்சியை வைத்தே எடைபோட முடிகிறது. கருவி தவறினாலும் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கற்றுக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களுக்குப் பெயர் சொல்லும் மென்பொருளைக் கொடுப்பதற்கு முன் தேடலைக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனால் மருத்துவரின் துல்லியம் உண்மையில் கூடுகிறதா?

சில இடங்களில் கூடியிருக்கிறது, சில இடங்களில் இல்லை.

ஐ.பி.எஃப்., ஒவ்வாமை வகை போன்றவை அடங்கிய நுரையீரல் இடைத்திசு நோய்களில் தென்கொரியாவில் நடந்த ஒரு ஆய்வு 2022இல் ரேடியாலஜி இதழில் வந்தது. ஒத்த சி.டி.க்களைப் பார்த்த பிறகு மருத்துவர்களின் துல்லியம் ஏறத்தாழ 46 சதவீதத்திலிருந்து 61 சதவீதத்துக்கு ஏறியது. ஒரே படத்துக்கு வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு பெயர் சொல்வதும் குறைந்தது. அதே காலகட்டத்தில் வியன்னாவில் எட்டுக் கதிரியல் மருத்துவர்களோடு நடந்த ஆய்வில், படத்தைப் படிக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துல்லியமும் சற்று உயர்ந்தது, ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

தோல் நோய்களில் கதை வேறு. 2020இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த பெரிய ஆய்வில், தோல் புற்றுநோய் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு முறை ஒத்த படங்களைக் காட்டினார்கள், இன்னொரு முறை ஒவ்வொரு நோய்க்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எண்களாகக் காட்டினார்கள். எண்கள் துல்லியத்தை உயர்த்தின. ஒத்த படங்கள் உயர்த்தவில்லை. தேடலை ஆதரிக்கும் யாரும் மறைக்கக் கூடாத முடிவு இது. என் எண்ணம் இதுதான்: விரைவாக ஒரு மருவைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் பத்துப் படங்களை ஒப்பிட யாருக்கும் பொறுமை இருக்காது. நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் சிக்கலான சி.டி.யிலும் பயாப்சியிலும்தான் தேடல் தன் வேலையைக் காட்டும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஏ.ஐ. தவறான விடை தந்தபோது அனுபவசாலிகள்கூட அதன் பின்னால் போனார்கள்.

தேடல் எப்படியெல்லாம் ஏமாறும்?

மருத்துவமனையின் கைரேகையைப் பிடித்துக்கொண்டு ஏமாறும். நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த நெட்வொர்க்குகளை ஆராய்ந்து 2018இல் வந்த ஆய்வு ஒன்றில், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை நெட்வொர்க் ஏறக்குறைய பிழையில்லாமல் சொல்லிவிட்டது. தேடலில் இதன் விளைவு என்ன? ஒத்த நோயுள்ள படங்களுக்குப் பதில் ஒரே இயந்திரத்தில் எடுத்த படங்கள் மேலே வந்து நிற்கும். பயாப்சியிலும் இதே கதை. ஒவ்வொரு லேபும் திசுவுக்குச் சாயம் ஏற்றும் விதம் கொஞ்சம் மாறும். அந்த ஊதா, இளஞ்சிவப்பு வேறுபாட்டையே கணினி பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு உதாரணம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். 2017இல் வெளியிட்ட 1,12,120 நெஞ்சு எக்ஸ்ரேக்களில், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நோயாளிகள் பலரின் படங்களில் அந்தக் காற்றை வெளியேற்றும் குழாய் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. அப்படியான சேமிப்பில் தேடினால் குழாயுள்ள படங்கள், அதாவது சிகிச்சை தொடங்கிவிட்டவர்களின் படங்கள், நிறைய வரும். குழாய் இல்லாமல் மூச்சுத்திணறி அவசரப் பிரிவில் இப்போது கிடப்பவருக்கு அவை உதவாது.

சேமிப்பில் யாருடைய படங்கள் இருக்கின்றன என்பது அவ்வளவு முக்கியமா?

கணக்கிடும் முறையைவிட இதுவே முக்கியம் என்பேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முன்னே சொன்ன நுரையீரல் நோய்களுக்கே வருவோம். மேலைநாட்டு மருத்துவமனைத் தொகுப்புகளில் ஐ.பி.எஃப். நிறைய இருக்கும். இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017இல் வெளியான இடைத்திசு நுரையீரல் நோய்ப் பதிவேடு என்ன சொன்னது தெரியுமா? ஒவ்வாமை நுரையீரல் அழற்சிதான் இங்கே முதலிடம்: 47.3 சதவீதம். ஐ.பி.எஃப். 13.7 சதவீதம் மட்டுமே. அந்த ஒவ்வாமை நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். இப்போது ஒரு வெளிநாட்டுச் சேமிப்பை வைத்துக்கொண்டு நம் ஊர் நோயாளியின் சி.டி.யைத் தேடிப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு ஐ.பி.எஃப். என்று வரும். கணினி எந்தத் தவறும் செய்யவில்லை. தன்னிடம் இருப்பதைக் கொடுத்தது. ஆனால் கூலரை அணைத்திருந்தால் நின்றிருக்கக்கூடிய நோய்க்கு, நிற்காத நோயின் பெயர் விழுந்துவிடும்.

காசநோயும் அப்படித்தான். மேல்நுரையீரலில் குழி விழுந்த ஒரு படம் காசநோய் குறைந்த நாட்டின் சேமிப்பில் புற்றுநோய்களை அதிகம் இழுத்துவரும். நம் ஊரில் எல்லாரும் முதலில் யோசிக்க வேண்டியது வேறு.

தோலில் இது இன்னும் வெளிப்படை. ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படும் ஹாம்10000 தொகுப்பின் 10,015 படங்கள் ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்தும் வந்தவை, பெரும்பாலும் வெளிறிய தோல். ஸ்டான்ஃபோர்டு குழு 2022இல் பலவகை நிறத் தோலில் எடுத்த 656 படங்களை வைத்து அன்றைய ஏ.ஐ. மென்பொருட்களைச் சோதித்தபோது, கருமையான தோலில் அவற்றின் திறன் சரிந்தது.

நம்மால் முடியாததல்ல இது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் 2016ஆம் ஆண்டு ஆய்வுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பெங்களூரு நாராயண நேத்ராலயாவும் படங்கள் தந்தன. அரவிந்த் 2019இல் பொதுப் போட்டி ஒன்றுக்கு, நோயின் தீவிரம் குறித்த 3,662 விழித்திரைப் படங்களைப் பயிற்சிக்கெனத் திறந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் முகாம் நடத்திச் சேர்த்த அனுபவம் கண் மருத்துவத்தில் இருக்கிறது. நுரையீரலுக்கும் பயாப்சிக்கும் அதே அக்கறையோடு, இறுதி நோயறிதலும் சேர்த்து, நம் நோயாளிகளின் படங்கள் தொகுக்கப்பட வேண்டும்.

என்னுடைய ஸ்கேனும் இப்படி யாரோ ஒருவரின் திரையில் வருமா?

உங்கள் மருத்துவமனை இப்படியொரு சேமிப்பு வைத்திருந்தால், பெயரும் எண்ணும் நீக்கிய பிறகு வரலாம். பெயரை நீக்குவது போதுமா என்பதுதான் கேள்வி. அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்துக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்கும்; கோப்பின் குறிப்பை அழித்தாலும் அது போகாது. தலை ஸ்கேனிலிருந்து முகத்தையே மீட்டெடுக்கலாம்: மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019இல் 84 தன்னார்வலர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களை உருவாக்கி, முக அடையாள மென்பொருளில் கொடுத்தபோது 83 சதவீதம் பேரைச் சரியான புகைப்படத்தோடு அது பொருத்திவிட்டது. அதனால் தலைப் படங்களில் முகப் பகுதியைச் சிதைத்தே வெளியிட வேண்டும்.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடிய எளிய காரியம், நோயாளியிடம் கேட்பது. "உங்கள் படம் இன்னொருவருக்கு உதவலாம், சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று அவரவர் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கேட்க வேண்டும். இருபது பக்கச் சேர்க்கைப் படிவத்தின் நடுவில் ஒரு வரியாக அதை ஒளித்துவைப்பது சம்மதம் ஆகாது.

என் தோலில் வந்த புள்ளியைப் போனில் படம் எடுத்து நானே தேடலாமா?

தேடினால் படங்கள் வரும். ஆனால் பொதுவான இணையத் தேடலில் வரும் படங்களுக்குப் பின்னால் உறுதியான நோயறிதல் இருப்பதில்லை. யாரோ எங்கோ போட்ட படத்துக்கு யாரோ எழுதிய பெயர் அது. வெளிச்சம் மாறினாலே வேறு முடிவுகள் வரும். புள்ளி வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லதுதான்: தேதியோடு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால், எவ்வளவு மாறியிருக்கிறது என்று மருத்துவருக்குக் காட்டலாம்.

மருத்துவ மாணவர்கள் பயன்படுத்திப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஓப்பன்-ஐ தளத்தில் மருத்துவக் கட்டுரைகளில் வந்த படங்களையும், இண்டியானா பல்கலைக்கழகத்தின் 7,470 நெஞ்சு எக்ஸ்ரேக்களையும் இலவசமாகத் தேடலாம். பெயரை மறைத்துவிட்டு, நீங்களே ஒரு விடை எழுதி, பிறகு திறந்து பாருங்கள். கட்டுரைகளில் வரும் படங்கள் பெரும்பாலும் அரிதானவை, அல்லது பாடப்புத்தகம்போல் தெளிவானவை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வார்டில் பார்ப்பவை அப்படி இருக்காது.

எங்கள் மருத்துவமனையில் தொடங்க வேண்டும் என்றால் முதலில் என்ன செய்வது?

மென்பொருள் வாங்க ஓடாதீர்கள். எண் வரிசைகளுக்குள் தேடும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபேஸ்புக் 2017இல் திறந்துவிட்ட ஃபைஸ் அதில் ஒன்று.

முதல் வேலை, ஸ்கேன் இருக்கும் கணினியையும் பயாப்சி முடிவு இருக்கும் கணினியையும் இணைப்பது. பல மருத்துவமனைகளில் சி.டி. பேக்ஸ் என்ற படச் சேமிப்பில் கிடக்கும், நோய்க்கூறியல் முடிவு வேறொரு துறையின் பதிவேட்டில் இருக்கும், ஆறு மாதம் கழித்து நோயாளி எப்படி இருந்தார் என்பது வெளிநோயாளி நோட்டில் இருக்கும். மூன்றும் சேராத படம் தேடலுக்கு ஊமை. ஒரே ஒரு நோய்க் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு நோயாளிகள் போதும், ஆனால் ஒவ்வொருவருக்கும் இறுதி முடிவு எப்படி உறுதியானது என்று எழுதியிருக்க வேண்டும்: பயாப்சியா, பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசியா, சிகிச்சைக்குக் கிடைத்த பலனை வைத்தா என்று.

அப்புறம், சோதிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்கள் சேமிப்பிலும் சோதனையிலும் இருந்தால், கணினி அவரையே தேடிக் கண்டுபிடித்து அபார மதிப்பெண் வாங்கிவிடும். நோயாளி வாரியாகப் பிரித்துச் சோதியுங்கள். முடிந்தால் வேறு மருத்துவமனையின் படங்களிலும் சோதியுங்கள்.

தேடி வந்த பத்தில் எத்தனை சரி என்ற எண்ணிக்கையோடு நிறுத்தவும் வேண்டாம். பணியில் இருக்கும் இளநிலை மருத்துவர்கள் சிலரை உட்காரவைத்து, படத்தைக் காட்டி முதலில் ஒரு முடிவு எழுதச் சொல்லுங்கள். பிறகு தேடல் முடிவுகளைக் காட்டி மறுபடி எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேர் தவறிலிருந்து சரிக்கு வந்தார்கள், எத்தனை பேர் சரியிலிருந்து தவறுக்குப் போனார்கள் என்று இரண்டையும் எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை கூடுதலாக வந்தால், நோயாளிகள் பக்கம் அந்தக் கருவியை இன்னும் கொண்டுபோகக் கூடாது.